வெற்றிலை வாங்கிய பாலம்

அன்பு மகளுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதும் அப்பன் இந்தப் பதுளையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீயும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்து உன் அம்மா அலுத்துப்போனாள். இன்று காலை நீ பிரதேச சபை அலுவலகத்துக்குக் கிளம்பிய பிறகு, தேநீரை என் முன்னால் ஓசை எழ வைத்துவிட்டு, "வாயால பேச முடியலன்னா எழுதியாச்சும் குடுங்க, இந்த வேலைக்கு எனக்குச் சம்பளமா தர்றீங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரையை விழுங்கிவிட்டது. கடைவீதிப் பக்கமிருந்து பஸ் ஹார்ன் மட்டும் வருகிறது, பஸ் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இந்த உறையை நான் ஒட்டப்போவதில்லை. ஒட்ட வேண்டியது உங்கள் அலுவலக டெண்டர் பெட்டிக்குள் போடும் உறையைத்தான். இதை நீ உன் டெண்டர் குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், மறைக்க இதில் ஒன்றுமில்லை.

நமுனுகுல மலைச்சரிவில் நான் பிறந்த தேயிலைத் தோட்டம் உனக்குத் தெரியும். மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடுவே ஓடுகிற ஆற்றைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு, "இதுதானாப்பா ஆறு?" என்று உதட்டைப் பிதுக்கினாய். வெயில் காலத்தில் அது அப்படித்தான், கல்லுக்குக் கல் தாவிப் போகலாம். மலையில் மழை பிடித்துவிட்டால் அது வேறு ஆறு. குறுக்கே கிடத்தியிருக்கும் பழைய மரக் கம்பங்கள்தான் இன்றைக்கும் அங்கே பாலம். மழை நாளில் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. கொழுந்துச் சாக்கோடு பெண்கள் தொழிற்சாலை ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். வலி கண்டவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பத்தில் கால் வைக்கிறவர்களைக் கரையில் நின்று பார்க்கும்போது, நமக்கு மூச்சு நின்று நின்று வரும்.

அந்த இடத்தில் நான் வருஷக்கணக்காகப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறேன், கனவில். உன் அம்மாவுக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. கனவில் எப்போதும் பனிமூட்டம்தான். இந்தக் கரையிலிருந்து ஒரு தளம் மெல்ல நீண்டுகொண்டே போகும். நான் அதன்மேல் நடப்பேன், கால் வைக்கிற இடமெல்லாம் கொங்கிறீட் இன்னும் ஈரமாக இருக்கும், ஆனாலும் தாங்கும். அக்கரையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், குரல் தெளிவாகக் கேட்கிறது. பனி விலகினால் அவர்கள் முகம் தெரியும் என்று நடப்பேன். அதற்குள் விடிந்துவிடும். விழித்து எழுந்து முகம் கழுவிவிட்டு எங்கோ ஒரு வடிகாலுக்கோ தடுப்புச் சுவருக்கோ ஒப்பந்த வேலைக்குப் போவேன். ஹப்புத்தளையில் பள்ளிக்கூடக் கட்டடம் கட்டினேன், மொனராகலைப் பக்கம் வெயிலில் வெந்து மதகு கட்டினேன், பண்டாரவளையில் கழிவறை வரிசை கட்டினேன். நான் பிறந்த ஆற்றுக்கு மட்டும் என் கை போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், அந்த ஆற்றில் ஓடிய தண்ணீரைவிட அதன்மேல் ஓடிய காகிதம் அதிகம். நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, பாதை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கக்கூடாது என்று நெடுங்காலம் சட்டமே அப்படி இருந்தது. அது மாறியபிறகு தோட்டத்தை நடத்துகிற துரையின் கடிதம் வேண்டும், கொழும்பில் கம்பனியின் கடிதம் வேண்டும், அந்தக் கடிதம் உண்மைதான் என்று இன்னொருவர் கடிதம் வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுப்பதில்லை என்பார்கள். இங்கே பூசாரிக்கு மேல் பூசாரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்த குமாஸ்தாக்கள் உண்டு. தனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவரை ஒவ்வொருவரும் முழுதாக நம்பவில்லை, அவ்வளவுதான். நம்பாத இடத்திலெல்லாம் இன்னொரு கையெழுத்து முளைத்தது.

இதைத்தான் நீ வெளிநாட்டில் படித்தாய் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிள்ளை பாலம் கட்டப் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ போனில், "இல்லப்பா, கட்டறதுக்கு முன்னாடி ஆகுதே, அந்தச் செலவப் பத்தி" என்றாய். ஆள் தேடும் செலவு, பேரம் பேசும் செலவு, ஒப்பந்தம் எழுதும் செலவு, எழுதியபடி செய்கிறானா என்று காவல் இருக்கும் செலவு, செய்யாவிட்டால் வழக்காடும் செலவு என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். பரிவர்த்தனைச் செலவு என்று அதற்குப் பெயராம். எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். நீ அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு உன் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்றாய், எங்கள் பனி போலில்லை, வெள்ளையாகக் குவியும் பனி என்றாய்.

அதன்பிறகு நீ எனக்குப் போன் எடுக்கும்போதெல்லாம், மற்ற நாடுகளில் இது எப்படி என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டேன். உன் வகுப்பில் இருந்த நோர்வேக்காரப் பையன் நாட்டில் எல்லாம் கணினியில் முடிந்துவிடும், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, ஆனாலும் ஒரு சின்னப் பாலர் பாடசாலைக்கு வக்கீல்கள் மாதக்கணக்கில் ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டிருப்பார்கள் என்றாய். வியட்நாம் பெண் ஊரில், ஊர்ச்சனங்களே சங்கமாகச் சேர்ந்து தங்கள் பாதையைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்றாய். நைஜீரியாக்காரியின் அப்பா கோலா என்று ஒரு கொட்டையைப் பிட்டுக் கொடுத்துத்தான் பெரிய பேச்சு எதையும் தொடங்குவாராம், நம்முடைய பாக்கு மாதிரி. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலை மலைகள் போவதைப் பார்க்கும்போது இந்த நாடுகளெல்லாம் பனிக்குள் வந்து வந்து மறையும். எல்லா ஊரிலும் ஒரு ஆறு, எல்லா ஆற்றுக்கும் இரண்டு கரை. இந்தக் கரைக்காரன் அந்தக் கரைக்காரனை எப்படி நம்புவது என்று உலகம் முழுதும் மண்டையை உடைத்துக்கொள்கிறது என்று நினைத்தால் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

இப்போது வெற்றிலைக்கு வருகிறேன். இந்த வருஷம் பாலத்துக்கு ஒருவழியாகக் காசு ஒதுக்கிவிட்டார்கள், டெண்டர் வரப்போகிறது என்று தோட்டத்தில் செய்தி பரவியது. மாதர் சங்கத் தலைவி தெய்வானை, கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். அவள் இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிறவள், விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். தட்டில் வெற்றிலை, பாக்கு, மேலே ஒரு நாணயம். நம் தோட்டத்தில் கோயில் கோபுரமானாலும் லயத்து வரிசைவீட்டுக் கூரையானாலும் வேலையை ஒப்படைக்கிற முறை அதுதான், உனக்குத் தெரியும். வெற்றிலை கொடுத்தால் வேலை கொடுத்தாகிவிட்டது. வாங்கினால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, ஆனால் அப்படி வாங்கிய வேலையை யாரும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. உன் பாடப்புத்தகத்துக் கணக்குப்படி, செலவே இல்லாத ஒப்பந்தம்.

டெண்டர் வேறு, வெற்றிலை வேறு என்று எனக்குத் தெரியாதா? இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் தட்டு முன்னால் வந்தபோது எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கனவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பனியை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டமாதிரி இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன். தெய்வானை எழும்பும்போது, "ஒங்களுக்கு என்னண்ணே, நம்ம புள்ளதானே ஆபீசுல இருக்கு" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாக வந்தாய். வேலைக்குச் சேர்ந்து முதல்முதலாக உன்னை ஒரு டெண்டர் குழுவில் போட்டிருக்கிறார்கள், பெட்டி திறப்பதும் விலை வாசிப்பதும் வேலைக்கு ஏற்றவர் யார் என்று பார்ப்பதும் நீங்கள்தான் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாய். எந்த வேலை என்று அம்மா கேட்டாள். நீ பாலத்தின் பெயரைச் சொன்னாய். அம்மா சாமி மாடத்தைப் பார்த்தாள், நீயும் பார்த்தாய், அங்கே தட்டு இருந்தது. "வெத்தல வாங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். அதில் பயம் இருந்தது. பிறகு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாய். நான் டெண்டர் போட்டால் நீ குழுவிலிருந்து எழும்ப வேண்டும். நீ எழும்பினால் புதிதாக ஆள் போட வேண்டும், அந்தக் காகிதம் மேலே போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் வருஷம் முடிந்து ஒதுக்கிய காசு திரும்பிப்போய்விடும். "நீங்க போடுங்கப்பா, நான் எழும்பிர்றேன். ஆனா பாலம் இந்த வருஷம் வராது" என்றாய்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னைப் பெற்றது குற்றமா என்று கேட்டேன், படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய். எனக்கு அப்போது நீ நியாயம் பேசியதாகவே தோன்றவில்லை. என் பிள்ளையே எனக்கு இன்னொரு கையெழுத்தாக முளைத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. பொய் சொல்லிப் பயனில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை உன்மேல் இருந்த கோபத்தோடு நசீர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கம்பி, சிமெந்து விலை கேட்டு டெண்டரைப் போட்டே தீருவது என்றுதான் போனேன். அவர் விலையைச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். ஹல்துமுல்லையிலிருந்து ஒரு சின்ன ஒப்பந்தகாரர் இந்தப் பாலத்துக்கு விலை கேட்டு வந்தவர், மகள் ஆபீசில் இருக்க நான் போடப்போகிறேன் என்று தெரிந்ததும் விலைச்சீட்டைக்கூட வாங்காமல் எழும்பிப் போய்விட்டாராம். அவருக்குப் பின்னால் வந்த பண்டாரவளைக்காரரும் அப்படியேதானாம். எனக்குச் சுருக்கென்றது. என் மகளைப் பற்றி என்ன நினைத்துவிட்டார்கள் என்று எகிறினேன். நசீர் நானா கணக்குப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மகள் சுத்தம், எனக்குத் தெரியும். அத ஹல்துமுல்லைல ஈக்கிறவனுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்றார்.

நான் ஸ்டூலில் வெளிப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாகத் தெரிந்தார்கள். மகளே, நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எத்தனையோ டெண்டரில் அந்த ஹல்துமுல்லைக்காரராக இருந்திருக்கிறேன். இன்னார் மச்சான் உள்ளே இருக்கிறான், இன்னார் மருமகன் கையெழுத்துப் போடுகிறான் என்று கேள்விப்பட்டு, உறையை ஒட்டாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். அந்த மச்சான் நல்லவனா கெட்டவனா என்று நான் விசாரித்ததே இல்லை. விசாரிக்க எனக்கு வழியும் இல்லை. நீ போனில் அடுக்கிய செலவுகளில் இது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை, வராமல் போன ஆட்களின் கணக்கு. அன்றைக்கு நான் யாரை நினைத்துத் திரும்பினேனோ, இன்றைக்கு அந்த இடத்தில் உன்னை உட்காரவைத்தவன் நான்தான்.

நேற்று தோட்டத்துக்குப் போனேன். வாங்கிய வெற்றிலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் கொடுத்ததில்லை. வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் என் காசில் புது வெற்றிலை வாங்கி, அவர்கள் வைத்ததுபோலவே தட்டில் வைத்துக்கொண்டு போனேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தெய்வானை சாக்கை இறக்கிவிட்டு வரும்வரை காத்திருந்தேன். எல்லோரும் கேட்கவே சொன்னேன். நான் டெண்டர் போட்டால் என் பிள்ளை எழும்ப வேண்டும், அவள் எழும்பினால் பாலம் வராது, என் பெயர் இருக்கிறதென்று மற்றவர்களும் வரமாட்டேன் என்கிறார்கள், அதனால் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தராசில் அடுத்த சாக்கு ஏறி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெண், அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது, மழை வருவதற்குள் வந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள்.

தெய்வானைதான் தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு அதிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கட்ட வர்றவன் யாரோ எவரோ. கம்பி எவ்வளவு போடணும், தூணு எவ்வளவு ஆழம் போவணும்னு எங்களுக்கு என்னண்ணே தெரியும்? நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். அத்தனை பெண்களுக்கு முன்னால், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். உன் அம்மாவிடம் பனியில் கண் கரித்தது என்று சொல்லியிருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லிவிடாதே.

இந்த வெற்றிலையையும் வாங்கிக்கொண்டேன். பயப்படாதே, இந்தமுறை சிரிக்கவில்லை, பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன், சொல். ஊர்ச்சனங்கள் தங்களுக்காக ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி வேலையைப் பார்க்க உங்கள் சட்டம் இடம் தருமா? சம்பளம் வேண்டாம், பதவி வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். தராது என்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பொதுப் பாதையில் குடையோடு நிற்கிறேன். அங்கிருந்தே எனக்குக் கம்பி தெரியும்.

அந்தப் பாலத்தை நான் கட்டப்போவதில்லை. வலிக்கிறது, வலிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வயதாகிவிட்டது, இனி எனக்கென்று ஒரு பாலம் வராது என்பதும் தெரியும். ஆனால் உன்னைப் பற்றி யோசிக்கும்போது வலி வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நீ பெரிய நாடுகளிலெல்லாம் வேலை தேடியிருக்கலாம். பதுளைக்குத் திரும்பி வந்து, நம் ஆறுகளுக்கு நடுவே உட்கார்ந்து, யார் எவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறேன் என்கிறாய். அந்த நாற்காலியில் நீ முதல்முதலாக உட்காரும் நாளில், உன்னை எழுப்பிவிட்டவன் உன் அப்பன் என்று ஆகக்கூடாது.

நேற்று மாலை திரும்பி வரும்போது நசீர் நானா கடையில் நாலு பேர் கேட்க, உரக்கவே சொன்னேன், நான் இந்த டெண்டர் போடவில்லை என்று. மற்ற ஒப்பந்தகாரர்களோடு ரகசியமாகக் கூடிப் பேசி ஒதுங்கிக்கொண்டேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் கூட்டத்தில் சொன்னேன். இன்று காலை நானா எனக்குப் போன் எடுத்தார். ஹல்துமுல்லைக்காரர் கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறாராம், கம்பி விலை கேட்டு.

நாளைக்குப் பெட்டியைத் திறக்கும்போது அடுத்த உறையில் அப்பா பெயர் இருக்குமோ என்று தயங்காதே, இருக்காது. தலையை நிமிர்த்தி உட்கார். ஒவ்வொரு பெயரையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாசி. ஹல்துமுல்லைக்காரர் கூச்சப்பட்டுப் பின்னால்தான் நிற்பார், அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
இன்று இரவு உன்னோடு சேர்ந்து சாப்பிடக் காத்திருக்கும்
அப்பா